முப்பத்து மூன்றாம் எண்ணுக்கு ஒரு சிவப்பு அட்டை

சிவப்பு அட்டையை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், கிழிச்சுக் கொடுத்தேன். அட்டை வாங்க வந்த மங்கையர்க்கரசி அதை இடுப்புப் பையில திணிச்சுக்கிட்டு சைக்கிள்ல ஏறிப் போயிட்டா. முடிஞ்சுது ஜெபக்கனி, அடுத்த சுத்தைப் பாரு. முப்பத்து மூணு, முட்டி மடங்கல், பதிமூணாவது சுத்து, மணி ஆறு ஐம்பத்தெட்டு. முப்பத்து மூணுதானே. ஆமா, என் தாள்லயும் அதைத்தான் குறிச்சு வச்சிருக்கேன், இந்தா இருக்கு. இருக்கு சரி, தாள்ல இருக்கிறதும் அட்டையில இருக்கிறதும் ஒரே கை எழுதினதுதானே, கை தப்புன்னா ரெண்டும் தப்பு. சீ, ஆரம்பிச்சுட்டியா. வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயி, பூட்டினோமான்னு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவதானே நீ. அதுவும் ஒரு தடவை இல்ல. "ஏளா, அந்தப் பூட்டுக்கே வலிக்கும், விட்டுரு"ன்னு வீட்டுக்காரங்க ஸ்கூட்டரை உறும விட்டுக்கிட்டுச் சொல்லுவாங்க. இருபத்தாறு வருஷமா வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிற மனுஷன். கேஸை மூடினேனா, இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கினேனான்னு நான் கேட்காத நாள் கிடையாது, ஒரு நாள் கூட கேஸ் திறந்து இருந்ததும் கிடையாது. அப்ப இதுவும் அதே வியாதிதான், வேற என்ன. மலேசியாவுக்கு வந்தா மட்டும் வியாதி ஊர்லயே தங்கிருமா. இது ஆசியப் போட்டி, பெண்கள் இருபது கிலோமீட்டர் நடை, கடலோர ரோட்டுல ஒரு கிலோமீட்டர் வட்டத்தை இருபது தடவை சுத்தணும், ஒன்பது நடுவர்ல நான் நாலாவது வளைவுல நிக்கிறேன். எங்க தாலுகாவுல இருந்து இப்படி ஒருத்தி வந்ததே இல்லைன்னு பேப்பர்ல போட்டோ வந்திருக்கு. போட்டோவுல தலையை ஒரு பக்கம் சாய்ச்சிருந்தேன், அப்பவும் கேஸைப் பத்தித்தான் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.

வேர்வை. இந்த ஊர்க் காத்துல தண்ணியைக் கலந்து விட்டிருக்கானுக. வெள்ளைச் சட்டை முதுகோட ஒட்டிக் கிடக்கு, பேன்ட் இடுப்புல நிக்கல, காலையில ரெண்டு ஊக்கு குத்தினேன், ஒண்ணு கழண்டு சதையில உரசுது. உரசட்டும். கண்ணு மட்டும் ஒழுங்கா இருந்தாப் போதும். இந்த வேலையே கண்ணுதான். கேமரா கிடையாது, மெஷின் கிடையாது, பக்கத்து வளைவுல நிக்கிற நடுவர்கிட்ட நீ பார்த்தியான்னு கேட்கவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தா கெக்கெக்கேன்னு சிரிக்கும்க, "டீச்சர், வாத்து நடை"ன்னு இடுப்பை ஆட்டிக் காட்டும்க. சிரிங்கட்டி, சிரிங்க. முன்னால வைக்கிற கால் தரையைத் தொட்டதுல இருந்து உடம்பு அதுக்கு நேர் மேல வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது, நடந்து பாருங்க, நூறு அடியில முழி பிதுங்கும். மடங்கற மாதிரி இருந்தா மஞ்சள் மட்டையைக் காட்டி எச்சரிக்கலாம். மடங்கியே போச்சுன்னா சிவப்பு அட்டை. மூணு நடுவர் மூணு சிவப்பு எழுதிட்டா அவ பாதையை விட்டு ஒதுங்கி, கயிறு கட்டின கட்டத்துக்குள்ள ரெண்டு நிமிஷம் சும்மா நிக்கணும். ஓடுறவளுக்கு ரெண்டு நிமிஷம் என்ன, நடக்கிறவளுக்கு ரெண்டு நிமிஷம் என்ன, எல்லாம் போச்சுன்னு அர்த்தம். நாலாவது விழுந்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனாலதான் எனக்குன்னு ஒரு முறை வச்சிருக்கேன். முதல்ல முட்டி, அப்புறம் ஷூ, அப்புறம் நெஞ்சுல இருக்கிற எண். ஏன் ஷூன்னா, முட்டியில இருந்து கண்ணு நேரா மேல ஏறினா வழி தவறிப் போயி பக்கத்துல வர்றவ நெஞ்சுல விழுந்துரும். ஷூ நிறத்தை மனசுல பிடிச்சுக்கிட்டா தப்பாது. பதிமூணாவது சுத்துல என்ன ஷூ. சொல்லு ஜெபக்கனி. ஆரஞ்சு. ஆமா, ஆரஞ்சு, குதிகால் கீழே வந்ததும் முட்டி தொளக்குன்னு உள்ள போச்சு, அதுக்குக் கீழ ஆரஞ்சு. அப்ப சரி, முப்பத்து மூணு ஆரஞ்சு ஷூ போட்டிருக்கா, முடிஞ்சுது கதை.

வர்றாங்க. பதினாலாவது சுத்து. முதல்ல போற ரெண்டு பேரு நம்ம கவலைக்கு அப்பாற்பட்டவங்க, ஒருத்தி சீனா, ஒருத்தி ஜப்பான், அளவெடுத்த மாதிரி போறாங்க. அதுக்குப் பின்னால மூணாவது இடத்துக்கு ரெண்டு பேரு தோளோட தோள். முப்பத்து மூணு, மங்கோலியாப் பொண்ணு, பொடிசா, காதுல பஞ்சு மாதிரி ஏதோ வச்சிருக்கா, வாயைத் திறந்தபடியே வர்றா. அவளுக்கு இந்தப் பக்கம் பத்தொன்பது. பத்தொன்பது நம்ம பிள்ளை. இந்தியா. வடக்கத்திப் பொண்ணு, ஒரு வார்த்தை பேசினது இல்ல, பேசக் கூடாது, நேத்து ஹோட்டல் லிஃப்ட்டுல நமஸ்தேன்னா, நான் தரையைப் பார்த்துக்கிட்டே நின்னேன், பாவம், திமிர் பிடிச்ச பொம்பளைன்னு நினைச்சிருப்பா. டக் டக் டக் டக். கால் வைக்கிற சத்தம். பாரு, முட்டியைப் பாரு. முப்பத்து மூணு முட்டி நேரா, அளவுகோல் மாதிரி நேரா, மறுபடியும் நேரா, இடது நேரா, வலது நேரா. ஷூ. ஷூ வெள்ளை. வெள்ளையா. கர்த்தரே, வெள்ளை. சுத்த வெள்ளை, ஓரத்துல ஒரு நீலக் கோடு. பத்தொன்பதோட காலைப் பாரு. ஆரஞ்சு. கடந்து போயிட்டாங்க. இடுப்பு ரெண்டும் ஆடி ஆடிப் போகுது. கையில இருந்த மட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன். முட்டி பத்தொன்பதோடது. எண் மட்டும் முப்பத்து மூணோடது. கண்ணு மேல ஏறும்போது தடம் மாறிப் போச்சு.

இல்ல, இரு. நிதானமா இரு. ஆரஞ்சுன்னு இப்பத்தானே நினைச்ச, எழுதும்போது நினைச்சியா. அட்டையில ஷூ நிறம் எழுதற பழக்கம் கிடையாது, அதனால சாட்சி இல்ல. அந்த ஆரஞ்சை நீ பார்த்தியா, இல்ல பக்கத்துல மின்னிக்கிட்டு வந்த நிறம் கண்ணுல ஒட்டிக்கிச்சா. இன்னொண்ணு இருக்கு, அதை நினைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன், நினைக்காம இருக்க முடியல. முட்டி மடங்கினது நம்ம பிள்ளைன்னு தெரிஞ்சே கண்ணு ஒதுங்கிப் போச்சா. கையே அவளைக் காப்பாத்திருச்சா. அப்படிப்பட்டவளா நீ. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல விசில் ஊதியிருக்கேன், தலைமையாசிரியை மகளையே கோட்டைத் தாண்டினான்னு வெளியே அனுப்பியிருக்கேன், அந்தம்மா ஒரு வருஷம் என்னோட பேசல. நான் அப்படிப்பட்டவ இல்ல. ஆனா கண்ணு மனசைக் கேட்டா போகுது. இதையே திருப்பிப் போட்டாலும் ஒரு பயம் இருக்கு. நம்ம நாட்டுப் பிள்ளைக்குச் சாதகம் பண்ணிருவோமோன்னு பயந்து பயந்து, இப்ப இல்லாத ஆரஞ்சை வரவழைச்சு அவ தலையில கட்டப் பார்க்கிறேனோ. எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. ஒண்ணு மட்டும் நிச்சயம், முப்பத்து மூணோட முட்டி இப்ப நேரா இருந்துச்சு. ஒரு சுத்துக்கு முன்னால மடங்கி, ஒரு சுத்து கழிச்சு நேராகுமா. ஆகலாம். களைச்சவளுக்கு மடங்கும், சுதாரிச்சா நேராகும். ஆனா அவ சுதாரிச்சவ மாதிரி இல்லையே, ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான் வர்றவ மாதிரி இருந்தா.

"அக்கா, கார்டு இருக்கா?" மங்கையர்க்கரசி. ஒரு காலைத் தரையில ஊணி நிக்கிறா. இந்த ஊர்த் தமிழச்சி, பேச்சுல அப்பப்ப இந்த ஊர் 'லா' ஒண்ணு விழும், போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ஓய்வு வாங்கினவ, வட்டம் முழுக்க சைக்கிள்ல சுத்தி நடுவருங்ககிட்ட அட்டை வாங்கிட்டுப் போயி தலைமை மேசையில கொடுக்கிறது இவ வேலை. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருவா. வாயைத் திற. சொல்லு, போன அட்டை தப்பு, நிறுத்தி வைக்கச் சொல்லுன்னு சொல்லு. "என்னக்கா, முகம் வெளிறிக் கிடக்கு, தண்ணி குடிச்சீங்களா?" வேண்டாம்மா. "கார்டு?" தாளைப் புரட்டினேன். தப்புன்னு சொன்னா எது சரின்னு கேப்பாங்க, சரி எதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல. சந்தேகம்னு சொன்னா இவளை எவன்டா இங்க அனுப்பினதும்பாங்க. ஒரு சிவப்புதானே, அவளுக்கு வேற சிவப்பு இருந்தாத்தானே ஆபத்து, இல்லாமலும் இருக்கலாம். "இல்லம்மா"ன்னேன். "சரி லா, நான் போறேன்." போயிட்டா. சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை. நாக்குல தூக்கி வச்சது மாதிரி இருந்துச்சு, விழுங்கிட்டேன்.

போர்டைப் பார்க்கக் கூடாது. நடுவர் பார்க்க மாட்டாங்க, அது எங்களுக்குள்ள ஒரு பழக்கம், யாருக்கு எத்தனை விழுந்திருக்குன்னு தெரிஞ்சா அடுத்த அட்டை எழுதும்போது கை நடுங்கும், இல்ல துணிஞ்சிரும். நான் இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட பார்த்தது இல்ல. திரும்பினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், முடிவுக் கோட்டுக்கு இந்தப் பக்கம், பெரிய கறுப்பு போர்டு, கயிறு கட்டின கட்டத்துக்குப் பக்கத்துல. பத்தொன்பதுக்கு நேரா ஒண்ணு. முப்பத்து மூணுக்கு நேரா ரெண்டு. நான் பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ஒரு பொண்ணு ஸ்டூல் மேல ஏறி முப்பத்து மூணுக்கு நேரா மூணாவது சிவப்பை ஒட்டுறா. ஒட்டிட்டு விரலால தேய்ச்சு விடுறா. அது என்னோடது. என் அட்டை அது. இப்ப பதினஞ்சாவது சுத்து நடந்துக்கிட்டு இருக்கு, அவ இந்த வளைவைத் தாண்டி நேர் ரோட்டுக்கு வந்ததும் கூப்பிடுவாங்க. மூணாவது இடத்துல இருக்கிறவ. அவ ரெண்டு நிமிஷம் நின்னா மூணாவது இடம் யாருக்கு. பத்தொன்பதுக்கு. நம்ம பிள்ளைக்கு வெண்கலம், நம்ம நடுவர் எழுதின அட்டையால. யாரும் ஒண்ணும் சொல்லப் போறது இல்ல, அதுதான் பயமா இருக்கு. எல்லாம் முறைப்படி நடந்த மாதிரியே இருக்கும். ஊருக்குப் போனா ஆட்டோவுல மைக் கட்டிக்கூட பெருமையா சொல்லுவாங்க. வாயைத் திறந்தா மட்டும் என்ன கிடைக்கும், நம்ம பிள்ளை வாயில மண்ணைப் போட்டுட்டு வந்திருக்கா பாருன்னுதான் பேசுவாங்க. வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, காபி போட்டுக் கொடுப்பாங்க. அதையும் குடிச்சுத் தொலைக்கணும்.

டக் டக் டக் டக். வந்துட்டாங்க. முட்டி. முப்பத்து மூணு நேரா. ரெண்டு காலும் நேரா, குச்சி மாதிரி. வாய் திறந்தபடியே, உதடு வெடிச்சு ஓரத்துல வெள்ளை படிஞ்சிருக்கு, கண்ணு எங்கயும் பார்க்கல, முன்னால ஒரு அடியை மட்டும் பார்க்குது. இவளுக்கு இன்னும் போர்டு தெரியாது. பத்தொன்பதைப் பாரு. ஆரஞ்சு. மடங்குதா. மடங்கற மாதிரி இருக்கு, இல்ல, இருக்கு, போயிட்டா. சொல்ல முடியல. என் கண்ணை இனி என்னாலயே நம்ப முடியல, இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு இங்க நிக்கிறதே தப்பு. "மங்கை"ன்னு கத்தினேன். அஞ்சாவது வளைவுக்குப் போயிருந்தவ திரும்பிப் பார்த்தா. வா, வான்னு மட்டையை ஆட்டினேன், எச்சரிக்கை மட்டையை இப்படி ஆட்டக் கூடாது, ஆட்டினேன். வந்தா. தாளோட பின்பக்கத்துல இங்கிலீஷ்ல எழுதினேன்: முப்பத்து மூணுக்கு நான் கொடுத்தது தப்பு, என் பிழை, அட்டையை நிறுத்தி வைக்கவும், நாலாவது வளைவு, ஜெபக்கனி. பேனா வேர்வையில வழுக்குது. "இது கார்டு இல்லையேக்கா." தெரியும்மா, இதை ஓடிப் போயி தலைமை நடுவர் கையில கொடு, வேற யார்கிட்டயும் கொடுக்காத. அவ தாளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "அக்கா, நான் போன தடவை வந்தப்பவே..."ன்னு ஆரம்பிச்சா. அப்புறம் அவளே வாயை மூடிக்கிட்டு, "பறந்துருவேன், பயப்படாதீங்க"ன்னு மிதிச்சா. நல்லவ. அந்த முடிக்காத பேச்சு எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

நேர் ரோட்டுல ஒருத்தர் முப்பத்து மூணுக்கு முன்னால கையை நீட்டி கட்டத்தைக் காட்டுறாரு. அவ நிக்கல, ரெண்டு எட்டு தாண்டினா, அப்புறம் புரிஞ்சுது. கட்டத்துக்குள்ள போனா. கடிகாரம் ஓட ஆரம்பிச்சுது, சிவப்பு எழுத்துல, என் இடத்துல இருந்து நல்லா தெரியுது. பத்தொன்பது போயிக்கிட்டே இருக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு. நடந்து பழகின கால் நிக்க முடியாம துடிக்கும், தொடை இறுகும், சாய்ஞ்சுக்கவும் கூடாது. அவ குனிஞ்சு தன் முட்டியைப் பார்க்கிறா. இடதைப் பார்க்கிறா, வலதைப் பார்க்கிறா. பதினஞ்சு. மங்கை எங்க. ஜனங்க குறுக்க வந்துட்டாங்க, தடுப்பைச் சுத்திப் போறா. பள்ளிக்கூடத்துல பரீட்சை அறையில மணி அடிச்ச பிறகும் எழுதிக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்ட இருந்து தாளைப் பிடுங்குவேன், அப்ப அதுக முகம் இப்படித்தான் இருக்கும், ஆனா அது நியாயம். இருபத்தி ரெண்டு. அவ முட்டியைத் தொட்டுப் பார்க்கிறா, கையால நீவி விடுறா. ஐயோ, அதுல ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு, தொடாத. முப்பது. சைக்கிளைக் கீழ போட்டுட்டு மங்கை ஓடுறா. முப்பத்தி எட்டு. தலைமை நடுவர் ஹெர்லினா அந்தத் தாளைக் கண்ணாடிக்குக் கிட்டத்துல வச்சுப் படிக்கிறாங்க. படிங்கம்மா, சீக்கிரம் படிங்க, என் கையெழுத்து எப்பவுமே மோசம்தான். நாப்பத்தி ரெண்டு. நிமிர்ந்து என் பக்கம் பார்க்கிறாங்க. நான் தலைக்கு மேல கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துல தப்பை ஒத்துக்கிற பிள்ளை மாதிரி. நாப்பத்தி எட்டு. கயிறை அவிழ்த்தாங்க. அவளுக்குப் புரியல, மறுபடியும் நின்னா, போ போன்னு தள்ளாத குறையா காட்டினாங்க. போனா. நாப்பத்தி எட்டு நிமிஷம் இல்ல, நொடி. நொடிதான். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்துலயும் வழி இல்ல.

ஹெர்லினா நடந்தே வந்தாங்க. இந்தோனேசியாக்காரங்க, தலையில வெள்ளை முக்காடு, குரல் உயர்த்தத் தெரியாதவங்க. முப்பத்து மூணு இல்லைன்னா யாரு, யாரைப் பார்த்தீங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. பத்தொன்பதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா எல்லாம் நேராகிரும், நான் நியாயஸ்தின்னும் பேர் வந்துரும், சொந்த நாட்டுப் பிள்ளைக்கே எழுதினவன்னு. அதுக்காகவே சொல்லக் கூடாது போல இருந்துச்சு. பார்த்தேனா. ஆரஞ்சைப் பார்த்தேன். ஆரஞ்சைப் பார்த்தேன்னு சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணுவேனா. மாட்டேன். "ஒரு முட்டி மடங்குச்சு, யாருதுன்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியல"ன்னேன். சந்தேகம்னா நடக்கிறவளுக்குத்தான் சாதகம், அவங்களுக்கும் தெரியும். எப்பத் தெரிஞ்சுதுன்னு கேட்டாங்க. போன சுத்துலயேன்னு சொன்னேன். ஏன் அப்பவே சொல்லலைன்னு அவங்க கேக்கல. கேட்டிருந்தா பயந்துட்டேன்னு சொல்லியிருப்பேன். மெதுவா கையை நீட்டினாங்க, என் அட்டைக் கட்டையும் ரெண்டு மட்டையையும் கொடுத்தேன், சட்டையில குத்தியிருந்த நடுவர் பட்டையையும் கழட்டிக் கொடுத்தேன். இனி எந்தப் போட்டிக்கும் கூப்பிட மாட்டாங்க. வேற ஒரு நடுவர் வந்து நான் நின்ன இடத்துல நின்னாரு. எனக்கு அழுகை வரல. உட்கார ஒரு நாற்காலி தேடினேன், இல்ல, தடுப்புக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

பதினாறு, பதினேழு, பதினெட்டு. முப்பத்து மூணு துரத்திக்கிட்டே வர்றா. ஒவ்வொரு சுத்துக்கும் இடைவெளி குறையுது. எண்ணாத, எண்ணி என்ன பண்ணப் போற. எண்ணினேன். யார் ஜெயிக்கணும்னு வேண்டுறதுன்னே எனக்குத் தெரியல, இவளுக்கு வேண்டினா அவ மூஞ்சி வருது, அவளுக்கு வேண்டினா இவ. பத்தொன்பதும் பாவம்தானே, அவளுக்கு இதுல என்ன தெரியும், அவ பாட்டுக்கு நடக்கிறா. கடைசி நேர் ரோட்டுல ரெண்டு பேரும் தெரிஞ்சாங்க. பத்தொன்பது முன்னால. முடிவுக் கோட்டைத் தாண்டி கொடியை வாங்கிப் போர்த்திக்கிட்டு மண்டி போட்டா. முப்பத்து மூணு பதினோரு நொடி பின்னால வந்து சேர்ந்தா. நாப்பத்தி எட்டுல பதினொண்ணு போனா முப்பத்தி ஏழு, நிக்காம வந்திருந்தா அவ அத்தனை நொடி முன்னால. எத்தனை தடவை கழிச்சாலும் முப்பத்தி ஏழுதான் வருது. முதல் தடவை மங்கை வந்து கேட்டப்ப சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நின்னிருக்கவே மாட்டா. என் பயம்தான் அவளை நிக்க வச்சது. கண்ணு தவறினது ஒரு நொடி, அதை ஜனங்க மன்னிப்பாங்க. அஞ்சு நிமிஷம் வாயை மூடி நின்னதுக்கு என்ன சொல்லுவேன்.

கூட்டம் கலைஞ்சு எல்லாரும் கூடாரத்துக்குப் போகும்போது மங்கை என் கையைப் பிடிச்சா. "அக்கா, அந்தப் பிள்ளை உங்களைத் தேடிக்கிட்டு வருது." ஓடிப் போயிரலாம்னு தோணுச்சு. மங்கோலியாப் பொண்ணு தோள்ல துண்டோட வெறுங்கால்ல வர்றா, பெருவிரல் நகம் கறுத்து ரத்தம் கட்டியிருக்கு. கூட அவங்க கோச் அம்மா, கோபமாத்தான் இருக்காங்க, பொண்ணு அவங்களைக் கையால ஒதுக்கிட்டு எனக்கு நேரா வந்து நின்னா. திட்டப் போறா. திட்டு, என்ன பாஷையில வேணாலும் திட்டு, நின்னு வாங்கிக்கிறேன். அவ திட்டல. வலது முட்டியில ரெண்டு தட்டுத் தட்டினா. அப்புறம் இடது முட்டியில. நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தா. அவ பாஷையில ஏதோ கேட்டா, ஒரே ஒரு கேள்வி. கோச் அம்மா அதை இங்கிலீஷ்ல சொல்றதுக்குள்ளயே எனக்குப் புரிஞ்சுது. என் முட்டி மடங்குச்சா. அதைத்தான் கேக்குறா. பதக்கத்தைக் கேக்கல. இல்லம்மா, இல்லவே இல்ல, நேராத்தான் இருந்துச்சு, கடைசி வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு, என் தப்பும்மா, தமிழ்லயே சொன்னேன், அந்த நேரத்துல வேற பாஷை வரல. முழங்கையை மடக்காம கையை நீட்டிக் காட்டினேன், இப்படி, இப்படி நேரா. அவ அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தா. அப்புறம் மூச்சை விட்டா, முகம் முழுக்க லேசாச்சு, எனக்கு ஏதோ நன்றி மாதிரி தலையைக் குனிஞ்சு சிரிச்சா. சிரிச்சுட்டு கோச் அம்மாகிட்டத் திரும்பி, பார்த்தியா நான் சொன்னேன்லன்னு சொல்றவ மாதிரி ஏதோ சொல்லிக்கிட்டே நொண்டி நொண்டிப் போனா. நான் நீட்டின கையை மடக்காம அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன்.